ரூ. 7,000-க்குள் வேலைக்குப் போகச் சேலைகள் சேர்க்க வேண்டும், யோசனை சொல்லுங்கள் (பாபநாசம் பக்கம்)

வெட்டாறு | மே 4, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இது முதல் பதிவு.

தஞ்சாவூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. ஜூன் பதினாறாம் தேதி சேர வேண்டும். பெண்களுக்குச் சேலை கட்டாயம். என்னிடம் இருப்பவை ஏழு சுடிதார், மூன்றே மூன்று சேலை. ஒன்று அக்கா கல்யாணத்துப் பட்டு, ஒன்று கல்லூரி வழியனுப்பு விழாவுக்கு எடுத்த நெட் சேலை, மூன்றாவது யாரோ வைத்துக்கொடுத்த சிந்தெடிக். மூன்றில் எதையும் வகுப்புக்குக் கட்ட முடியாது.

கையில் ரூ. 7,000 இருக்கிறது. முதல் சம்பளம் ஜூலை கடைசியில்தான். ஊர் பாபநாசத்துக்கு உள்ளே தள்ளி. தினமும் பஸ், போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். உயரம் ஐந்தடி, ஒல்லி. காட்டன் சேலை கட்டினால் சேலை நடந்து வருகிறது, நான் உள்ளே இருக்கிறேன். ஆனாலும் பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசை. மாணவர்களுக்கும் எனக்கும் நான்கு வயதுதான் வித்தியாசம்.

எங்கே வாங்கலாம், எத்தனை வாங்கலாம்?

---

நாகை அலை | மே 4, இரவு 9.30

வாழ்த்துகள் அக்கா! ஆன்லைனில் மூன்று சேலை 999-க்குக் கிடைக்கிறது. ஆறாயிரத்துக்கு 18 சேலை. முடிந்தது கணக்கு.

---

ஈரோடு எக்ஸ்பிரஸ் | மே 4, இரவு 9.41

பதினெட்டும் ஒரே சேலையாகத்தான் இருக்கும், கலர் மட்டும் வேறு. ரயில் ஏறி ஈரோடு போங்கள். கனி மார்க்கெட் வாரச் சந்தை திங்கள் சாயங்காலம் ஆரம்பித்துச் செவ்வாய் வரை நடக்கும். கடைக்காரர்கள் எடுக்கும் விலைக்கே எடுக்கலாம்.

---

குடமுருட்டி டீச்சர் | மே 5, காலை 6.05

ஈரோடு போய்வர ஒரு நாள், டிக்கெட், சாப்பாடு, கூட யாராவது துணை. மொத்தமாக இருபது எடுக்கிறவர்களுக்கு அது சரி. அஞ்சு சேலை எடுக்கிற பெண்ணுக்கு எதுக்கு?

வெட்டாறு, வாழ்த்துகள் கண்ணு. நான் 34 வருஷம் பள்ளிக்கூடத்தில் சேலை கட்டி நின்றவள், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். 1984-ல் வேலைக்குச் சேர்ந்தபோது என்னிடம் நாலு சேலை. இரண்டு நூல், இரண்டு நைலக்ஸ். பிள்ளைகள் காலண்டர் பார்க்காமலே கிழமை சொல்வார்கள். "ஊதாப்பூ வந்தா வியாழக்கிழமைடா" என்று ஒருவன் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். அப்போது அழுகை வந்தது. அப்புறம் சேர்ந்து வேலை பார்த்த ஒரு அக்கா ஒரு வேலை செய்தார். என்னைக் கடைக்கு அழைத்துப் போனார். சேலைக் கடைக்கு இல்லை, ஜாக்கெட் துணிக் கடைக்கு. நாலு சேலைக்கும் நாலு ஜாக்கெட் என்று இருந்ததை மாற்றி, எதனோடும் போகிற மாதிரி மூன்று எடுத்துக்கொடுத்தார். அரக்கு, கறுப்பு, பொன்மஞ்சள். அந்த வருஷம் முழுக்க ஒருவரும் கிழமை சொல்லவில்லை.

அதனால் முதல் கேள்வி: அம்மா பீரோவில் எத்தனை சேலை இருக்கிறது?

இரண்டாவது கேள்வி: அம்மா கொடுப்பாரா?

---

வெட்டாறு | மே 5, காலை 7.20

டீச்சர், கொடுப்பார். நானாகத்தான் "பழசு" என்று தொட்டதில்லை. எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன்.

---

கத்திரிக்கோல் | மே 5, மதியம் 2.15

திருவையாறு பக்கம் 22 வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். டீச்சரம்மா சொன்னதுதான் சரி, ஆனால் அவர் பாதிதான் சொன்னார்.

சேலை ஆறு கஜம் துணி. அதற்கு அளவே கிடையாது. உங்கள் அளவுக்கு இருப்பது ஜாக்கெட் ஒன்றுதான். தோள்பட்டைத் தையல் எலும்பு முடிகிற இடத்தில் நிற்க வேண்டும். ஒல்லியாக இருப்பவர்களுக்கு அது கையில் இறங்கிவிடும், அப்புறம் ஐயாயிரம் ரூபாய்ச் சேலை கட்டினாலும் இரவல் வாங்கிக் கட்டிய மாதிரிதான் தெரியும். தோள் சரியாக இருந்து, கை முழங்கைக்கு இரண்டு இஞ்ச் மேலே முடிந்து, அக்குளில் சுருக்கம் விழாமல் இருந்தால் 400 ரூபாய்ச் சேலை போதும்.

சில விஷயம்:

ஜாக்கெட் துணிக்கு டூ பை டூ ரூபியா கேளுங்கள், 80 சென்டிமீட்டர். முழங்கை வரை கை வேண்டும் என்றால் ஒரு மீட்டர். லைனிங் காட்டனாக இருக்கட்டும். துணி, லைனிங் இரண்டையும் வீட்டிலேயே ஒரு ராத்திரி தண்ணீரில் நனைத்து, நிழலில் காயவைத்து, அப்புறம் தைக்கக் கொடுங்கள். நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பில் லைனிங் மட்டும் சுருங்கி வெளித்துணி கொப்புளம் போட்ட மாதிரி நிற்கும். பழி தையல்காரன் மேல் விழும்.

அளவு ஜாக்கெட் கொண்டுபோகும்போது, இப்போது போட்டால் சரியாக இருப்பதைக் கொண்டுபோங்கள். "இதுல அரை இஞ்ச் கூட்டி, அங்க கால் இஞ்ச் குறைச்சு" என்று வாயால் சொல்கிற அளவு தப்பாகத்தான் முடியும். அப்படி அளவு ஜாக்கெட் இல்லையென்றால் உடம்பில் அளவெடுக்கச் சொல்லுங்கள். முதலில் ஒன்று மட்டும் தைத்துப் போட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால் மிச்சத்தைக் கொடுங்கள். நாலையும் ஒரே நாளில் கொடுத்தால் தப்பும் நாலாக வரும்.

பக்கவாட்டில் உள்ளே ஒரு இஞ்ச் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். வேலைக்குப் போய் ஆறு மாதத்தில் எல்லோருக்கும் உடம்பு போடும்.

முக்கியமானது ஒன்று. மே 25-க்கு அப்புறம் எந்தத் தையல் கடைக்கும் போகாதீர்கள். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், சீருடை மலையாகக் குவிந்திருக்கும். உங்கள் ஜாக்கெட் அதன் அடியில் போனால் ஜூலையில்தான் வெளியே வரும்.

---

கரைவேட்டி இல்லாதவன் | மே 5, மாலை 6.40

இந்த விவாத இழைக்குச் சம்பந்தமில்லாத சந்தேகம் ஒன்று, கோபிக்க வேண்டாம். ஆம்பளைச் சட்டைக்கும் இதே கணக்கா? ரெடிமேடில் எனக்குத் தோள் சரியாக இருந்தால் வயிறு பிடிக்கிறது, வயிறு சரியாக இருந்தால் தோள் தொங்குகிறது.

---

கத்திரிக்கோல் | மே 5, மாலை 7.02

தோளுக்கு எடுத்தால் வயிற்றுக்கு ஒன்றும் செய்ய முடியாது, துணி இல்லை. வயிற்றுக்கு எடுத்துத் தோளைப் பிடிக்கலாம், ஆனால் கையைக் கழற்றி வைக்க வேண்டும், கூலி கூடும். உங்களுக்குத் துணி எடுத்துத் தைப்பதுதான் லாபம். 58 இஞ்ச் அகலத் துணியில் முழுக்கைக்கு 1.60 மீட்டர். 36 இஞ்ச் என்றால் இரண்டேகால் மீட்டர் கேளுங்கள். தானில் (முழுத் துணிச் சுருளில்) வெட்டி வாங்குங்கள். கட் பீஸ் வாங்கினால் முழுதும் பிரித்துப் பாருங்கள், நடுவில் சாயம் வெளுத்த கோடு இருக்கும்.

---

நாடா திருபுவனம் | மே 5, இரவு 10.25

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தறி. இப்போது அப்பா மட்டும் நெய்கிறார், நான் வேறு வேலை. இழை சேலையைப் பற்றி என்பதால் நாலு வார்த்தை.

முதலில், பட்டு வாங்காதீர்கள். எங்கள் திருபுவனம் பட்டுச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, விசிறி மடிப்புப் போட்டு அடுக்கிக் கொடுக்கிற அழகே தனி. எல்லாம் சரி, ஆனால் அதைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்க முடியாது. கல்யாணத்துக்கு வரட்டும், அப்போது எங்கள் ஊருக்கு வாருங்கள்.

தினத்துக்கு நூல் சேலை. கடையில் "கைத்தறிங்க" என்று எல்லாவற்றையும் கொடுப்பார்கள். கரையின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். தறியில் துணி சுருங்காமல் இருக்க இரண்டு பக்கமும் ஊசி வைத்த கோல் மாட்டுவோம். அந்த ஊசித் துளை கரையோரம் வரிசையாகத் தெரியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இன்னும் நன்றாகத் தெரியும். அப்புறம் நெசவு அங்கங்கே கொஞ்சம் ஏறி இறங்கி இருக்கும். அச்சு மாதிரி ஒரே சீராக இருந்தால் விசைத்தறி. கரை வைத்த நூல் சேலையைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-ல் சட்டமே போட்டார்கள். கடைத்தெருவில் பார்த்தால் அப்படி ஒரு சட்டம் இருப்பதாகத் தெரியாது. கைத்தறி முத்திரை 2006-லிருந்து இருக்கிறது, அந்தச் சீட்டையும் பாருங்கள்.

விசைத்தறி மோசம் என்று சொல்லவில்லை. 450 ரூபாய்க்கு விசைத்தறி என்று சொல்லியே விற்றால் வாங்குங்கள், அதுவும் ஒருவர் பிழைப்புதான். கைத்தறி என்று சொல்லி 1,200 வாங்குவதுதான் வயிற்றெரிச்சல்.

இரண்டாவது, காட்டன் சேலை உடம்போடு விழாமல் பலூன் மாதிரி நிற்கிறது என்று நீங்கள் சொன்ன பிரச்சினை. அதற்குக் காரணம் நூலின் கவுண்ட். ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளச் சிட்டம் (நூல் கட்டு) எத்தனை அடங்குகிறதோ அதுதான் கவுண்ட். எண் கூடக்கூட நூல் மெல்லிசு. நீங்கள் கட்டிப் பார்த்தது 40 அல்லது 60 ஆக இருக்கும், மேலே கஞ்சியும் போட்டிருப்பார்கள். 80-க்கு மேல் கேளுங்கள். 100 கிடைத்தால் உடம்போடு விழும். மதுரைச் சுங்குடியும் உங்களுக்குப் பொருந்தும், கசக்கிக் கட்டினாலும் நிற்கும். கரை இரண்டு விரல் அகலத்துக்கு மேல் போக வேண்டாம். ஐந்தடிக்கு முழ அகலக் கரை போட்டால் பாதி ஆள் கரையில் போய்விடும்.

நூலா, கலப்படமா என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு இழை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாக விரலில் ஒட்டும். கடைக்குள் கொளுத்த வேண்டாம், அடிப்பார்கள்.

---

குடமுருட்டி டீச்சர் | மே 6, காலை 5.50

நாடா தம்பி, பிரமாதம். நெசவு என்றாலே எனக்கு நேச நாயனார் ஞாபகம்தான் வரும். அடியார்களுக்குத் துணி நெய்து கொடுத்தே நாயன்மார் ஆனவர். நெய்து கொடுப்பவருக்கு அறுபத்துமூவரில் ஒரு இடம் உண்டு, தெரியுமா.

---

நாகை அலை | மே 6, காலை 9.15

அடிப்படையாக ஒன்று கேட்கிறேன். சேலை ஏன் கட்டாயம்? ஆண் ஆசிரியர்களுக்கு வேட்டி கட்டாயமா? தலைமைச் செயலக ஊழியர்களுக்கே 2019-ல் வந்த ஆணையில் சேலை, சல்வார், துப்பட்டாவோடு சுடிதார் எல்லாம் இருக்கிறது. ஒரு தனியார் கல்லூரிக்கு என்ன வந்தது?

---

ஈரோடு எக்ஸ்பிரஸ் | மே 6, காலை 9.22

கேள்வி நியாயம். ஆனால் வேலைக்குச் சேருவதற்கு முன்பே அதைக் கேட்டால் வேலை இருக்காது.

---

நாகை அலை | மே 6, காலை 9.24

அப்படியே விட்டதால்தான் இன்னும் இருக்கிறது.

---

நெறியாளர் | மே 6, காலை 10.00

இதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். இங்கே அந்தப் பெண்ணுக்கு நாற்பது நாள்தான் இருக்கிறது.

---

வெட்டாறு | மே 8, இரவு 10.48

பீரோவைத் திறந்தோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பித்தது, ராத்திரிச் சோறு எட்டரைக்கு. மொத்தம் 23 சேலை. அப்பா வாசலில் உட்கார்ந்து, "இவ்வளவு இருந்துமா போன தீபாவளிக்கு இல்லேன்னே?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஒவ்வொன்றுக்கும் அம்மாவிடம் ஒரு கதை இருக்கிறது. மயில்கழுத்துக் கலர் நூல் சேலை ஒன்று, நான் வயிற்றில் இருந்தபோது பாட்டி எடுத்துக்கொடுத்ததாம். குறுவை விளைந்து கையில் காசு வந்த வருஷங்களில் எடுத்தவை ஒரு அடுக்கு. மேட்டூர் திறக்காத வருஷத்தில் எடுத்தது ஒன்றுகூட இல்லை என்று அம்மாவே எண்ணிச் சொன்னார். பீரோவைப் பார்த்தே எங்கள் வயல் கணக்குச் சொல்லிவிடலாம் போலிருக்கிறது.

கூறைநாட்டுச் சேலை ஒன்று அடியில் இருந்தது. பட்டும் பருத்தியும் கலந்த கட்டம், அரக்கும் மஞ்சளும். அம்மாவின் மாமியார், அதாவது என் அப்பாயி, மாயவரத்தில் எடுத்தது. ஆசையாக உதறினேன். சர்ரென்று ஒரு சத்தம். மடிப்பு வாக்கிலேயே மூன்று இடத்தில் விட்டுவிட்டது. வருஷக்கணக்காக ஒரே மடிப்பில் கிடந்திருக்கிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஏன் உதறினோம் என்று ஆகிவிட்டது.

அதை விட்டால், வகுப்புக்குக் கட்டக்கூடியவை எட்டு தேறின. ஐந்து நூல், இரண்டு சுங்குடி, ஒரு சாதா கிரேப். ஜாக்கெட் ஒன்றும் சேரவில்லை. அம்மா உடம்புக்கும் எனக்கும் ஆறு இஞ்ச் வித்தியாசம். கத்திரிக்கோல் அண்ணா, அம்மா ஜாக்கெட்டைப் பிடித்துத் தரலாமா?

---

கத்திரிக்கோல் | மே 9, காலை 8.30

இரண்டு இஞ்ச் வரை பக்கத்தில் பிடிக்கலாம். ஆறு இஞ்ச் பிடித்தால் அக்குள் வளைவு முதுகுப் பக்கம் போய்விடும், கையைத் தூக்கிக் கரும்பலகையில் எழுத முடியாது. விடுங்கள்.

கூறைநாட்டுச் சேலையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மடிப்பில் விட்டது மடிப்பில் மட்டும்தான் இருக்கும். முந்தானையும் அதை ஒட்டிய அரை மீட்டரும் நன்றாக இருந்தால் அதில் உங்களுக்கு ஒரு ஜாக்கெட் வரும், உங்கள் அளவுக்கு இரண்டுகூட வரலாம். உள்ளே காட்டன் லைனிங் முழுதாகக் கொடுத்தால் பழைய துணி இழுவை தாங்கும். அரக்கு மஞ்சள் கட்டம் என்கிறீர்கள், அது மயில்கழுத்துச் சேலைக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

வெட்டுவதற்கு முன்னால் அம்மாவைக் கேளுங்கள்.

---

நாடா திருபுவனம் | மே 9, காலை 11.10

பட்டுக் கலந்த எதையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் பீரோவுக்குள்ளேயே ஈரம் ஏறும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைத்தால் ஈரத்தை அது குடிக்கும். நாப்தலின் உருண்டையைச் சரிகை மேல் படும்படி போடாதீர்கள், கறுக்கும். வசம்பைத் துணியில் முடிந்து போட்டாலே பூச்சி வராது.

மாயவரம் வட்டாரத்தில் கூறைப்புடவை இப்போது மிகக் குறைவாகத்தான் நெய்கிறார்கள். அந்தத் துண்டு கிடைப்பது அரிது. கத்திரிக்கோலண்ணன் சொன்ன மாதிரி செய்யுங்கள்.

---

கரைவேட்டி இல்லாதவன் | மே 9, மாலை 5.00

நான் சட்டைக்குத் துணி எடுத்துவிட்டேன். கட் பீஸ்தான். நடுவில் கோடு இருக்கிறது.

---

கத்திரிக்கோல் | மே 9, மாலை 5.20

😑

---

குடமுருட்டி டீச்சர் | மே 10, காலை 6.15

வெட்டாறு, எட்டு சேலை கையில் இருக்கும்போது புதுசு இரண்டுக்கு மேல் எடுக்காதே. ஒன்று கோ-ஆப்டெக்ஸில் பார். தீபாவளிக்கு 30 சதவீதம் தள்ளுபடி உண்டு, அதனால் நல்ல விலைச் சேலையை அதுவரை தள்ளிப்போடு, இப்போது ஒன்று மட்டும். அங்கே மாதச் சேமிப்புத் திட்டமும் இருக்கிறது, சம்பளம் வந்ததும் கடையிலேயே கேட்டுச் சேர்ந்துகொள். ஆடித் தள்ளுபடிக்குக் காத்திருந்தால் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஆடியில் பாதிக் கடைகளில் ஆனியிலேயே விலையை ஏற்றி வைத்துவிட்டுத்தான் இறக்குகிறார்கள். நான் ஒருமுறை ஒரே சேலையின் விலையைச் சீட்டில் குறித்து வைத்திருந்து பார்த்திருக்கிறேன்.

கடைக்குப் போகும்போது எட்டு சேலையையும் தூக்கிக்கொண்டு போகாதே. ஒவ்வொன்றின் உள்முனையிலும் ஒரு நூல் உருவி, வெள்ளைத் தாளில் வரிசையாக ஒட்டி எடுத்துப் போ. போனில் எடுத்த படத்தைக் காட்டி ஜாக்கெட் துணி எடுத்தால் வீட்டில் வந்து பார்க்கும்போது வேறு கலராக இருக்கும். துணியையும் கடை விளக்கில் முடிவு பண்ணாதே, வாசலுக்கு எடுத்து வந்து பார். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

உள்பாவாடையில் கஞ்சத்தனம் வேண்டாம். காட்டன், ஆறு மடிப்பு. பளபள துணியில் இருந்தால் நூல் சேலை வழுக்கிப் பத்து மணிக்கே கொசுவம் இறங்கும்.

டவுன் பஸ்ஸில் போனால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, கும்பகோணத்துக்கே போய்விட்டு வா. பெரிய தெருவில் ஜாக்கெட் துணிக்கென்றே கடைகள் இருக்கின்றன.

---

வெட்டாறு | மே 27, இரவு 9.35

தாமதத்துக்கு மன்னிக்கவும். கணக்கோடு வந்திருக்கிறேன்.

நூல் ஒட்டிய தாளைப் பார்த்ததும் கும்பகோணத்தில் கடைக்கார அம்மா சிரித்துவிட்டார். "ஒரு டீச்சரம்மா இப்படித்தான் வருவாங்க" என்றார். நீங்களா டீச்சர்?

டூ பை டூ துணி நாலு, லைனிங்கோடு 680. அரக்கு, கறுப்பு, பொன்மஞ்சள், நாவல்பழக் கலர். கூலி நாலுக்கும் 1,200. கூறைநாட்டு முந்தானை ஜாக்கெட்டுக்குக் கூலி, லைனிங் சேர்த்து 380. அம்மாதான் வெட்டச் சொன்னார், கத்தரியைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். உள்பாவாடை மூன்று 570. கோ-ஆப்டெக்ஸ் நூல் சேலை ஒன்று, சாம்பல் நிறம், ஒரு விரல் கரை, 1,150. ஊசித் துளை இருந்தது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்! சுங்குடி ஒன்று 750. புதுசு இரண்டுக்கும் ஃபால்ஸ் அடிக்க 180. செருப்பு 650. குடை 380. மொத்தம் 5,940. மிச்சம் 1,060.

முதல் ஜாக்கெட்டை மட்டும் தைத்துப் பார்க்கச் சொன்னது நல்லதாகப் போயிற்று. எங்கள் ஊர்க் கடையில் கழுத்தைப் பின்னால் ஒரு சாண் இறக்கி வைத்துவிட்டார்கள். "இப்ப எல்லாரும் இப்படித்தான் கேக்கிறாங்க." நான் கேட்கவில்லையே! வேறு கடை மாற்றினேன்.

இன்னொரு பிழை என்னுடையது. அரக்கு ஜாக்கெட்டை அம்மாவின் சந்தன நிறச் சேலையோடு சேர்த்து ஊறவைத்துவிட்டேன். முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்கு ரோஸ் கலர் மேகம். உப்பு போட்டேன், எலுமிச்சை தேய்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

---

கத்திரிக்கோல் | மே 27, இரவு 10.05

அரக்கு, கருநீலம், கறுப்பு மூன்றும் முதல் மூன்று துவைப்பு தனி வாளி. உப்பு போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள், சரியாகச் சாயம் ஏற்றாத துணியில் எதுவும் நிற்காது. இனி அந்தக் கறையைத் தேய்க்காதீர்கள், நூல் பஞ்சாகிவிடும்.

---

நாடா திருபுவனம் | மே 28, காலை 7.40

சேலை நூல் சேலைதானே? முழுவதையும் கருஞ்சிவப்பிலோ பாக்கு நிறத்திலோ சாயத்துக்குக் கொடுத்துவிடலாம். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் சாயம் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், சேலைக் கடையில் கேட்டாலே இடம் சொல்வார்கள். மிச்சமிருக்கிற 1,060-ல் அடங்கிவிடும்.

---

குடமுருட்டி டீச்சர் | மே 28, காலை 8.00

ஆமாம், அது நான்தான். அந்த அம்மாவுக்கு 20 வருஷமாக என்னைத் தெரியும், ஆனால் ஒருமுறைகூட விலை குறைத்ததில்லை.

---

நாகை அலை | மே 28, காலை 9.30

அக்கா, ஒப்புக்கொள்கிறேன். அந்த மூன்று 999 சேலையை நான் வாங்கிவிட்டேன். படத்தில் சாமந்தி மஞ்சள், பெட்டிக்குள் சோடியம் விளக்கு. ஒன்றை என் தம்பி கார் துடைக்க எடுத்துக்கொண்டான். அதில் தண்ணீரும் ஒட்டவில்லையாம்.

---

வெட்டாறு | ஜூன் 16, இரவு 8.50

முதல் நாள் முடிந்தது. மயில்கழுத்துச் சேலையும் அப்பாயி முந்தானை ஜாக்கெட்டும். பஸ்ஸில் அய்யம்பேட்டை வரை நின்றுகொண்டேதான் போனேன், கொசுவம் அசையவில்லை. கஞ்சி போடவில்லை, லேசாகத் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்து, அரை மணி கழித்து இஸ்திரி போட்டேன்.

ஆசிரியர் அறையில் ஒரு மேடம் என் ஜாக்கெட் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எந்தக் கடை என்று கேட்டார். "மாயவரம்" என்றேன். கடை பெயர் கேட்டார். இப்போது என்ன சொல்வது?

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலிலேயே நிற்க வைத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "சேஃப்டி பின்னை இன்னும் கொஞ்சம் உள்ள குத்தணும்" என்றார். அவ்வளவுதான்.

---

கரைவேட்டி இல்லாதவன் | ஜூன் 16, இரவு 9.10

வாழ்த்துகள். என் சட்டையும் வந்துவிட்டது. அந்தக் கோடு பாக்கெட்டுக்குள் போகிற மாதிரி ஒரு புண்ணியவான் வெட்டிக் கொடுத்தார்.

---

குடமுருட்டி டீச்சர் | ஜூன் 17, காலை 5.45

அடுத்த வாரம் சாம்பல் நிறத்துக்கு நாவல்பழ ஜாக்கெட் போடு. கறுப்பு வேண்டாம், பள்ளி ஆய்வாளர் மாதிரி இருக்கும். சாயத்துக்குக் கொடுத்தாயா?

---

வெட்டாறு | ஜூன் 17, காலை 6.30

கொடுத்துவிட்டேன் டீச்சர், பாக்கு நிறம். ஆனித் திருமஞ்சனத்துக்குள் தருகிறேன் என்றிருக்கிறார். பஸ் வந்துவிட்டது, சாயங்காலம் வருகிறேன்.